'ஏலுமா' என்று கேட்டார்கள், உடனே 'ஓம்' என்றேன்

நேர்முகத் தேர்வு முடிந்து எழும்பும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. "மிஸ், மாதத்தில் எட்டு, பத்து நாள் வெளிமாவட்டத்தில் தங்கி வேலை செய்யவேணும். உங்களுக்கு ஏலுமா?" அவர் கேட்டு முடிக்க முதலே "ஓம் சேர், பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. எங்கே தங்குவது, செலவுக் காசை யார் முதலில் போடுவது, எப்போது சொல்வார்கள், எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு 'ஓம்' சொல்லிவிட்டு 14 மாதம் அலைந்தேன். 148,500 ரூபா கையை விட்டுப் போனது. இடையில் ஐந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். எனக்கு முன்னால் இதே வேலையில் இருந்தவர்கள் நாலு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். அதனால் என் பங்குக்கு நான் எழுதுகிறேன்.

ஊர் திருகோணமலை. கணக்கியல் படித்து, நகரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2023 பெப்ரவரியில் ஒரு நிதி நிறுவனத்தில் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது. வடக்கு, கிழக்கில் உள்ள கிளைகளுக்குத் திடீரென்று போய், பெட்டகத்துக் காசை எண்ணி, அடகு நகைகளை நிறுத்துப் பார்த்து, கடன் கோப்புகளைப் புரட்டி அறிக்கை எழுதுவது வேலை. மூதூர், மட்டக்களப்பு, கல்முனை, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் எல்லாம் என் பட்டியலில் இருந்தன.

ஏன் அவ்வளவு அவசரமாகத் தலையாட்டினேன் என்பதை நானே விளங்கிக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பயணம் பிடிக்கும் என்பதால் அல்ல. சின்ன வயதில் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவுக்குப் போய் வந்தாலே எனக்குத் தலைசுற்றும். முதல் காரணம் வீடு. எனக்கு அப்போது 27 வயது. ஒவ்வொரு ஞாயிறும் பெரியம்மா வந்து கல்யாணப் பேச்சை எடுப்பார். நான் மறுத்துப் பேசினால் அம்மா அழுவார். தனியாக அறை எடுத்து இருக்கிறேன் என்று ஒரு பெண்பிள்ளை எங்கள் ஊரில் சொல்ல முடியாது. ஆனால் "வேலை விசயமாகப் போகிறேன்" என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வீட்டை விட்டுக் கொஞ்ச நாளாவது வெளியே இருக்க எனக்குக் கிடைத்த கௌரவமான கதவு அந்த வேலை. அதை நான் அன்றைக்கு யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை, என்னிடம்கூட.

இரண்டாவது காரணம் அம்மா. இதை எழுதும்போது இப்போதும் தொண்டை அடைக்கிறது. அவருடைய இளமைக்காலத்தில் மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் கடந்து லாஞ்சில்தான் போகவேணும். கிண்ணியாவுக்குப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்கவேணும். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறந்தார்கள். மட்டக்களப்பு வீதி எத்தனையோ வருடம் பயமில்லாமல் போகக்கூடிய வீதியாக இருக்கவில்லை. சோதனைச் சாவடி, இறங்கி நட, அடையாள அட்டை காட்டு, திரும்ப ஏறு என்று வாழ்ந்த மனுசி அவர். எனக்கு நியமனக் கடிதம் வந்தபோது அதை வாசித்துவிட்டு, "எங்களுக்கு ஏலாமப் போனது, நீ போ பிள்ளை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மா போக முடியாத வீதிகளில் எல்லாம் அவருக்காகவும் சேர்த்துப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு உண்மையானது. ஆனால் அதற்காக நான் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்காமல் விட்டது என் பிழை.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவேணும். அண்ணா கனடாவில். சித்தியின் மகன் கட்டாரில். எங்கள் குடும்பங்களில் ஊரைவிட்டு வெளியே போகிறவர்தான் முன்னேறியவர். ஊரிலேயே இருப்பவர் ஏதோ முயற்சி இல்லாதவர் மாதிரி. வேலை கிடைத்த முதல் மாதம் யாழ்ப்பாணத்தில் பண்ணைக் கடலோரம் நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். எழுபதுக்கு மேல் பேர் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு பேசாதவர்கள்கூட "குடுத்து வச்சனீ" என்று எழுதினார்கள். பிறகு என்ன நடந்தாலும் அந்தப் படத்துக்கு ஏற்ற மாதிரியே நான் இருக்கவேண்டியதாகிவிட்டது. அழுதுகொண்டிருந்த இரவுகளிலும் பகலில் எடுத்த ஒரு நல்ல படத்தைத் தேடிப் போட்டிருக்கிறேன்.

சரி, வேலை எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எந்தக் கிளைக்குப் போகவேணும் என்பது ஞாயிறு பின்னேரம்தான் தெரியும். திடீர்ப் பரிசோதனை என்பதால் யாருக்கும் சொல்லக்கூடாது. காலையில் கிளை திறக்கும்போது வாசலில் நிற்கவேணும், அதனால் முதல் நாளே போய் அந்த ஊரில் தங்கவேணும். அந்தக் கிளையில் வேலை செய்பவர்களிடம் "பாதுகாப்பான அறை எங்கே இருக்கு?" என்று கேட்க முடியாது. கேட்டால் நான் வருவது தெரிந்துவிடும். போன பிறகும் அவர்கள் வாங்கித் தரும் சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது என்பது விதி. விதி சரியானதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க என்னைக் கண்டாலே முகம் இறுகிப்போகும் ஆட்களோடு இருந்துவிட்டு, பின்னேரம் தனிய ஒரு கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டு, தனிய ஒரு அறைக்குத் திரும்புவது என்னவென்று அனுபவித்தால்தான் தெரியும். கல்முனையில் ஒரு கிளையில் காசாளராக இருந்த அக்கா, நான் எண்ணி முடிக்கும்வரை கை நடுங்க நின்றார். கணக்கில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனாலும் நான் வெளியேறும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அறை தேடுவது தனிக் கதை. "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்காத இடமே இல்லை. இரண்டு இடத்தில் அறை இருந்தும் இல்லை என்றார்கள். ஒரு இடத்தில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டு இலக்கத்துக்கு அழைத்து அம்மாவிடம் விசாரித்தார்கள். அம்மா அன்றைக்குப் பட்ட பயத்தை எனக்குப் பல மாதம் கழித்துத்தான் சொன்னார். நான் பிறகு பழகிக்கொண்டது இதுதான்: குடும்பமாக இருந்து நடத்தும் விருந்தினர் இல்லங்களும், தேவாலயங்களைச் சேர்ந்த விடுதிகளும் தனியாக வரும் பெண்ணுக்கு ஓரளவு நல்லவை. ஒரு ஊருக்கு இரண்டு இடத்தின் தொலைபேசி எண்ணை வைத்திருங்கள், முதலாவது நிரம்பினால் மற்றது வேணும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். உள்பக்கத் தாழ்ப்பாள் சரியாகப் பூட்டுகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டெம்பரில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் வழமையான விலைக்கு அறையே கிடைக்காது. நிறுவனம் ஒரு இரவுக்கு 3,500 ரூபாதான் தரும். மிச்சம் என் கையிலிருந்து.

காசு விசயத்தை விளக்கமாகச் சொல்லவேணும், இதில்தான் கூடுதலான ஆட்கள் ஏமாறுகிறோம். எனக்குச் சொன்ன சம்பளம் 95,000. முந்திய கடையில் 48,000தான் எடுத்தேன், அதனால் கண் மங்கிவிட்டது. ஆனால் அதில் அடிப்படைச் சம்பளம் 55,000, மிச்சம் 40,000 பயணப்படியும் தங்குமிடப்படியும். அதுவும் பற்றுச்சீட்டு காட்டினால்தான், அதுவும் ஏழு, எட்டுக் கிழமை கழித்துத்தான் வரும். ஊழியர் சேமலாப நிதிக்கு என்னிடம் பிடித்த 8 வீதமும் அவர்கள் போட்ட 12 வீதமும் அந்த 55,000க்குத்தான். ஆகவே நான் உண்மையில் உழைத்தது 55,000. மற்றது பஸ்காரருக்கும் விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் என் கை வழியாகப் போன காசு. இரண்டு மாதச் செலவை முன்கூட்டியே போட எனக்கு வசதி இல்லை. மூன்றாம் மாதம் அம்மா தந்த காப்பை 60,000க்கு அடகு வைத்தேன். பகலில் மற்றவர்களின் அடகு நகைகளை நிறுத்துவேன், கைக்குட்டையில் முடிந்து வந்த சின்னச் சின்னத் தோடுகளைக் காணும்போது என் காப்பு நினைவுக்கு வரும். ஆறு மாதம் கழித்து மீட்டபோது வட்டி மட்டும் 6,000 கட்டினேன்.

நான் போன காலத்தில் தனியார் பஸ்களில் பெரும்பாலும் டிக்கெட் தரவில்லை. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் தருவார்கள், ஆனால் அது நான் போகும் நேரத்துக்கு எப்போதும் இருக்காது. டிக்கெட் இல்லாத பயணத்துக்கு எனக்குக் காசு திருப்பித் தரவில்லை. முச்சக்கர வண்டிக்கும் அப்படித்தான். இன்னொன்று, கடைகளில் மெசினில் அடித்துத் தரும் பற்றுச்சீட்டு எங்கள் வெயிலுக்குப் பையில் இருந்து இரண்டு கிழமையில் வெள்ளைக் கடுதாசியாகிவிடும். முதல் இரண்டு மாதம் அப்படி எத்தனையோ சீட்டுகளை இழந்தேன். வாங்கியவுடனேயே கைப்பேசியில் படம் எடுத்து, திகதி வாரியாகச் சேமியுங்கள். டிக்கெட் இல்லாத பயணத்துக்கு உங்கள் கையொப்பத்தோடு எழுதும் பிரகடனத்தை ஏற்பார்களா என்று வேலையில் சேர முதலே எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவைப் பிறகு திருப்பித் தருகிறோம் என்றால் சம்மதிக்காதீர்கள், முற்பணம் கேளுங்கள். கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்று நானும் பயந்தேன். பிறகு தெரிந்தது, என்னோடு சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்தும் இருக்கிறார்கள். கேட்காதவர்களுக்குத்தான் இல்லை.

உடம்பைப் பற்றியும் சொல்லவேணும், பெண்பிள்ளைகள் இதை வெளியே சொல்வதில்லை. மட்டக்களப்புக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பஸ். நடுவில் இறங்க முடியாது, இறங்கினாலும் போகக்கூடிய மலசலகூடம் இருக்குமோ தெரியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டேன். இப்படி எட்டு மாதம். ஒன்பதாம் மாதம் கிளிநொச்சியில் ஒரு விடுதி அறையில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. விடியும்வரை போர்வைக்குள் தனியக் கிடந்தேன். யாரையும் அழைக்கவில்லை. அம்மாவை அழைத்தால் "திரும்பி வா" என்பார், திரும்பினால் தோற்றுப்போனவள் ஆவேன் என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். காலையில் வேலைக்கும் போனேன். இரண்டு நாள் கழித்துத் திருகோணமலையில் வைத்தியரிடம் போனபோது சிறுநீர்த் தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார். ஐந்து நாள், 38,000 ரூபா. அந்த வைத்தியர் என்னைப் பார்த்து, "பிள்ளை, தண்ணி குடிக்காமல் விடுற அளவுக்கு ஒரு வேலை இருக்கக்கூடாது" என்றார். பயணத்துக்கு முதல் நாள் எந்த எரிபொருள் நிலையத்தில், எந்தச் சாப்பாட்டுக் கடையில் சுத்தமான மலசலகூடம் இருக்கிறது என்று விசாரித்து எழுதிவையுங்கள். நேரடி பஸ்ஸை விட நடுவில் ஒரு ஊரில் இறங்கி மாறும் பயணம் உடம்புக்கு நல்லது, அரை மணி கூடுதலாக எடுத்தாலும் பரவாயில்லை.

கட்டிலில் கிடந்த அந்த ஐந்து நாளில்தான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வேலைக்காக மாதத்தில் 14 இரவோ அதற்கு மேலோ வெளியில் தங்குபவர்களை, ஆறு இரவுவரை மட்டும் தங்குபவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். முன்னவர்களுக்கு நித்திரைக் குறைபாடும் பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்திருக்கின்றன. உடனே என் நாட்குறிப்பை எடுத்து எண்ணினேன். எட்டு, பத்து என்று சொன்ன வேலையில் நான் சராசரியாக 16 இரவு வெளியில் தங்கியிருந்தேன். 1979இல் கரசெக் என்ற ஆய்வாளர் எழுதியதும் மனதில் பட்டது. வேலை கடினமாக இருப்பது மட்டும் மனிதரை உடைப்பதில்லை. கடினமான வேலையில் எதையும் நாமே தீர்மானிக்க முடியாத நிலைதான் உடைக்கிறது என்கிறார். எனக்கு அது அப்படியே பொருந்தியது. வெருகல் வீதியும் ஹொரவப்பொத்தானைப் பக்கம் அந்தி நேரத்து யானைப் பயமும் என்னைக் களைக்க வைத்தது உண்மை. ஆனால் ஞாயிறு பின்னேரம் கைப்பேசி அடிக்கும்வரை அடுத்த கிழமை எங்கே இருப்பேன் என்று தெரியாமல் இருந்ததுதான் என்னை உருக்கியது. தோழியின் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாது. பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாது. அம்மாவை கண் வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி மூன்று தடவை ஏமாற்றினேன்.

ஏன் அப்போதே விடவில்லை என்று கேட்பீர்கள். சேரும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன், ஒரு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவென்று 75,000 கட்டவேணும். வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், ஆனால் வேலை கிடைத்த சந்தோசத்தில் அந்த வரி எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. வருடம் முடிந்த பிறகும் இரண்டு மாதம் இழுத்தேன். அது பத்திரத்துக்காக அல்ல, ஊருக்காக. பெரியம்மா கோயிலில் எல்லோரிடமும் "எங்கட பிள்ளை ஓடிட்டராக்கும், மாவட்டம் மாவட்டமாப் போறவள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெருமையை நான் எப்படி உடைப்பது? கடைசியில் 2024 ஏப்ரலில், புதுவருடத்துக்கு வீட்டுக்கு வந்த அன்று, பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் மடியில் தலை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணப் பேச்சிலிருந்து தப்பத்தான் போனேன் என்பதையும் சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதைச் சொல்லியிருந்தா நான் பெரியம்மாவை வராம மறிச்சிருப்பனே" என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்கியத்தில் தீர்ந்திருக்கவேண்டிய விசயத்துக்காக நான் 231 இரவுகள் அறை அறையாகத் தங்கியிருக்கிறேன்.

விலகிய பிறகு கடைசி இரண்டு மாதச் செலவு 41,500 வரவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். தொழில் திணைக்களத்துக்கு எழுதச் சொன்னார்கள், என்னிடம் பாதிச் சீட்டுகள் இருக்கவில்லை. அதோடு டிக்கெட் இல்லாத பயணங்களுக்கும் கூடுதல் அறை வாடகைக்கும் மாதம் ஏறத்தாழ 4,500 வீதம் 14 மாதத்துக்கு 63,000. வைத்தியச் செலவு 38,000, அடகு வட்டி 6,000. மேலே சொன்ன 148,500 இப்படித்தான் வந்தது.

பயண வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னோடு இருந்த ஒரு சேர் பத்து வருடமாக அதே வேலையைச் சந்தோசமாகச் செய்கிறார். அவருக்கு வேலை முடிந்து தனியாக இருப்பது உண்மையிலேயே பிடிக்கும், வீட்டிலும் அவர் மனைவி எல்லாம் தெரிந்துதான் சம்மதித்திருக்கிறார். நீங்கள் 'ஓம்' சொல்ல முதல் இரண்டு விசயம் செய்யுங்கள். ஒன்று, அந்த வேலையில் இப்போது இருப்பவரின் கடந்த மூன்று மாத நாட்காட்டியைக் கேளுங்கள். "ஏறத்தாழ எத்தனை நாள்" என்று கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார்கள், நாட்காட்டியில் இரவுகளை எண்ணலாம். மற்றது, இரவில் தனிய இருந்து, இந்த வேலைக்குப் போவது ஒருவருக்கும் தெரியாது, படம் போட முடியாது, சொந்தக்காரர் பெருமைப்படமாட்டார்கள் என்று வைத்து யோசியுங்கள். அப்போதும் போகத் தோன்றினால் அது உங்கள் விருப்பம். தோன்றாவிட்டால், எதிலிருந்து தப்ப நினைக்கிறீர்கள் என்று பார்த்து, அதை வீட்டில் ஒருவரிடமாவது வாய்திறந்து சொல்லிப் பாருங்கள்.

இப்போது நகரத்தில் ஒரு மருந்து மொத்த விற்பனை நிலையத்தில் கணக்கு வேலை. 52,000 சம்பளம், நடந்தே போய் வருகிறேன். விட்ட பரீட்சையைத் திரும்ப எழுதுகிறேன். போன மாதம் உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி என் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள். வேறொரு நிறுவனத்தில் இதே மாதிரி வேலை, என்ன செய்வது என்று கேட்டாள். நாட்காட்டியைக் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறாள், 12 இரவு என்று வந்தது. முற்பணமும் கேட்டு எழுத்தில் வாங்கியிருக்கிறாள். யோசித்துத்தான் சேர்ந்தாள், அவளுக்கு ஊர் சுற்றுவது சின்ன வயதிலிருந்தே பிடிக்குமாம். நேற்று விடிய ஐந்து மணிக்கு வவுனியா பஸ்ஸுக்குள் இருந்து செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கா, ஹொரவப்பொத்தானையில எந்தக் கடைல இறங்கலாம்?" என் பழைய கொப்பியை எடுத்து, கடையின் பெயரையும் பின்பக்கம் போகும் வழியையும் எழுதி அனுப்பினேன்.